விழித்திரைப் பிசிரும் பிறவிப் பார்வையின்மையும்

பிறந்து ஆறு அல்லது எட்டுக் கிழமைகள் சென்ற குழந்தை தாயின் முகத்தை நோக்கும். விளக்கை அசைப்பின் அதன் விழிகள் விளக்கின் பின்னே செல்லும். சில குழந்தைகளிடத்து இது நிகழ்வதில்லை. அவற்றின் விழிகள் ஒன்றிலும் நிலைகொள்ளாது அங்குமிங்கும் அலைந்துகொண்டிருக்கும். மாதங்கள் சில கழிந்தபின் அத்தகைய குழந்தை தன் கைமுட்டியாலோ விரற்கணுவாலோ கண்ணை ஓயாது அழுத்தத் தொடங்கும். மூடிய கண்ணை அழுத்துவார் எவர்க்கும் ஒளிப்பொறிகள் தோன்றுதல் இயல்பு. வெளியிலிருந்து ஒளி பெறாத குழந்தை இவ்வாறு உள்ளிருந்தேனும் அதனைப் பெற முயல்கின்றது என்று கருதப்படுகின்றது.

பெற்றோர் குழந்தையை மருத்துவரிடம் கொண்டு செல்கின்றனர். மருத்துவர் கண்ணினுள்ளே கருவிகொண்டு நோக்குகின்றார். கண்மணி தெளிவாயிருக்கின்றது, வில்லையிற் புரை இல்லை, விழித்திரையுந்தானும் தொடக்கத்திற் பெரும்பாலும் குறையற்றது போலவே தோன்றுகின்றது. ஆயின், ஒளி பட்டவுடன் விழித்திரையில் எழும் நுண்ணிய மின்மாற்றத்தை அளக்கும் கருவியைப் பொருத்தினால், அது வரைகின்ற கோடு ஏற்றத்தாழ்வின்றிக் கிடைக்கோடாகவே செல்கின்றது. இந்நோயை 1869ஆம் ஆண்டில் முதன்முதல் விரித்தெழுதியவர் ஜேர்மன் கண் மருத்துவர் தியோடோர் லேபர் என்பார். அவர் பெயராலேயே இது லேபர் பிறவிப் பார்வையின்மை என வழங்குகின்றது. விழித்திரையின் மின்மாற்றம் இந்நோயில் அற்றுப்போதலைப் பிரான்செசெற்றியும் டீற்றர்லேயும் 1954இல் எடுத்துக்காட்டினர். ஒரு இலட்சம் பிறப்புகளில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கே இந்நோய் நேர்கின்றது என்பர்.

தொகையிற் சிறிதாயினும் நோய் வந்துற்ற இல்லத்தில் அதன் சுமை சிறிதன்று. ஊரார் காரணங் கற்பிப்பதிலே தாமதிப்பதில்லை. கருவுற்றிருந்த காலத்தில் தாய் கிரகணம் பார்த்தாள் என்பர் சிலர். அவள் உண்ணத்தகாதது உண்டாள் என்பர் வேறு சிலர். முன்னை வினை என்று கூறி அமைவாரும் உளர். கற்பிக்கப்படும் காரணம் எதுவாயினும் குற்றம் பெரும்பாலும் தாயின் தலையிலேயே வந்து விழுகின்றது. உண்மைக் காரணம் யாது என்பதை அறிதல், ஆதலால், அறிவுக்கு மாத்திரம் உரிய செய்தியன்று; அது ஒரு குடும்பத்தின் அமைதிக்கும் உரியது. இந்நோயின் காரணங்களுள் முதன்மையான ஒன்று 2006ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது. அது செப்-290 என்னும் ஒரு புரதத்தின் குறைபாடாகும். அப்புரதம் யாண்டு உள்ளது, யாது செய்கின்றது, அது குன்றின் கண் ஏன் ஒளியிழக்கின்றது என்பன இங்கு முறையே ஆராயப்படும்.

மனிதனின் ஒவ்வொரு விழித்திரையிலும் ஒளியை உணரும் கலங்கள் இருவகையின. மங்கிய ஒளியில் தொழிற்படும் கோல்கள் 9 கோடிக்கு மேற்பட்டவை. பகலொளியில் நிறத்தையும் நுண்மையையும் காட்டும் கூம்புகள் ஏறக்குறைய 50 இலட்சம். இக்கலங்கள் ஒவ்வொன்றும் இரு பகுதிகளாகப் பிரிந்து கிடக்கின்றன. உட்பகுதி ஒரு தொழிற்சாலை போன்றது. கலத்திற்கு வேண்டிய புரதங்கள் யாவும் அங்கேதான் ஆக்கப்படுகின்றன. வெளிப்பகுதியிலோ ஆக்கத்தொழில் எதுவும் இல்லை. கோலின் வெளிப்பகுதியிலே, நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல, ஆயிரம் அளவிலான மெல்லிய தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அத்தட்டுகளிற் செறிந்துள்ள றொடொப்சின் என்னும் நிறப்பொருளே ஒளியை ஏற்கின்றது.

இத்தட்டுகள் நிலையானவை அல்ல. 1967ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் றிச்சட் யங், கதிர்வீசும் அமினோவமிலங்களை விலங்குகளுக்குச் செலுத்தி, அவை செல்லும் வழியைத் தொடர்ந்து நோக்கினார். அடியிலே புதுத்தட்டுகள் நாடோறும் தோன்றுதலையும், அவை பழைய தட்டுகளை மேலே தள்ளிச் செல்லுதலையும் அவர் கண்டார். நுனியில் முதிர்ந்த தட்டுகள் உதிர, விழித்திரைக்குப் பின்னுள்ள நிறப்படைக் கலங்கள் அவற்றை விழுங்குகின்றன என்பது 1969இல் அவராலும் டீன் பொக் என்பவராலும் காட்டப்பட்டது. குரங்கினத்திலும் மனிதனிலும் ஏறக்குறைய பத்து நாட்களில் வெளிப்பகுதி முழுவதும் புதிதாகிவிடுகின்றது. இன்று காணும் கண், பத்து நாட்களுக்கு முன் கண்ட கண் அன்று எனலாம்.

இவ்வாறு இடையறாது புதுப்பித்தற்கு வேண்டிய பொருள் முழுவதும் உட்பகுதியிலிருந்தே வருதல் வேண்டும். ஆயின் இரு பகுதிகளையும் இணைக்கும் வழி ஒன்றே ஒன்று. அதன் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அகலம் அந்நீளத்தின் மூன்றில் ஒரு பங்களவே. யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு ஆனையிறவு இணைத்தல் போல இவ்வொடுங்கிய வழி இரு பகுதிகளையும் இணைக்கின்றது. நிமிடந்தோறும் ஆயிரக்கணக்கான றொடொப்சின் மூலக்கூறுகள் இவ்வழியே கடந்து செல்லுகின்றன. வழி அடைபடின் உள்ளே சரக்குத் தேங்கும். வெளியே பஞ்சம் உண்டாகும்.

இனி, இவ்வழி எத்தகைய உறுப்பு என்பது நோக்கத்தக்கது. கலங்களின் மேற்பரப்பிலிருந்து மயிர்போல நீண்டு நிற்கும் நுண்ணுறுப்புக்குப் பிசிர் என்று பெயர். நீர்வாழ் நுண்ணுயிர்களின் பிசிர்களை ஒல்லாந்து தேசத்து லீவன்ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே தம் நுணுக்குக்காட்டியாற் கண்டார். மனிதனின் மூச்சுக்குழாயிலே பிசிர்கள் அலைபோல அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளுகின்றன. அசையாத பிசிர்களும் உள. உடலின் பல கலங்களில் ஒற்றையாய் நிற்கும் இத்தகைய பிசிரைச் சிமமன் என்னும் ஜேர்மன் அறிஞர் 1898இல் விவரித்தார். அசைவில்லாத உறுப்புக்குத் தொழிலும் இல்லை எனப் பலரும் எண்ணியமையால், அது பயனற்ற எச்சமென நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது.

இலத்திரன் நுணுக்குக்காட்டி பயன்பாட்டுக்கு வந்தபின் இவ்வெண்ணம் மெல்ல மெல்ல மாறியது. ஆர்சந்தீன நாட்டு அறிஞர் எதுவார்தோ தெ றொபேட்டிசு 1956இல் கோலின் இணைப்பு வழியை ஆராய்ந்து, அதனுள்ளே ஒன்பது இணைக் குழல்கள் வட்டமாய் அமைந்திருத்தலைக் கண்டார். இது பிசிருக்கே உரிய அமைப்பு. அசையும் பிசிர்களில் நடுவே மேலும் இரு குழல்கள் உண்டு. இங்கு அவை இல்லை. ஆகவே கோலின் வெளிப்பகுதி என்பது உண்மையில் பருத்து, தட்டுகளால் நிரம்பி, ஒளியுணரும் தொழிலுக்கென உருமாறிய பிசிரே என்பது தெளிவாயிற்று. பயனற்றதென ஒதுக்கப்பட்ட உறுப்பினாலேயே மனிதன் உலகைக் காண்கின்றான்.

பிசிரினுள் பொருள்கள் எவ்வாறு செல்லுகின்றன என்பதை அறிவித்தது குளத்து நீரில் வாழும் கிளமிடோமோனசு என்னும் பச்சை அல்காவாகும். அதன் நீந்தும் இழைகளில் சரக்குத் தொகுதிகள் மேலும் கீழுமாகக் குழல்கள் வழியே ஓடுதலை யேல் பல்கலைக்கழகத்தார் 1993இல் கண்டனர். இவ்வோட்டத்திற்கு வேண்டிய அல்காப் புரதம் ஒன்றினை ஒத்த புரதம் எலியிலே குறைவுபடின் சிறுநீரகத்தில் நீர்ப்பைகள் உண்டாதல் 2000ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அதே குறைபாடு எலியின் விழித்திரையில் வெளிப்பகுதிகளைச் சிதைத்தலும் 2002இல் வெளியாயிற்று. சிறுநீரகமும் கண்ணும் ஒரே நோயிற் பாதிக்கப்படுதலை மருத்துவர் முன்னரே அறிந்திருந்தனர். அதன் காரணம் பிசிர் என்பது அப்பொழுதுதான் விளங்கியது.

செப்-290 புரதத்திற்குரிய பரம்பரை அலகு மனிதனின் 12ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அப்புரதம் 2479 அமினோவமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதன் மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 290 ஆயிரம் தாற்றன் என்பதையே பெயரிலுள்ள எண் குறிக்கின்றது. பிசிரின் அடியிலே, கலத்தின் உடல் முடிந்து பிசிர் தொடங்கும் எல்லையில் இது நிலைகொண்டுள்ளது. அவ்வெல்லையில் உட்குழல்களையும் வெளிச்சவ்வையும் கவைக்கோல் வடிவான இணைப்புகள் பிணைத்து நிற்கும். அவ்விணைப்புகள் செவ்வனே அமைதற்குச் செப்-290 இன்றியமையாதது என்பது 2010இல் மேற்சொன்ன அல்காவிலேயே காட்டப்பட்டது. இவ்விணைப்புகள் ஒரு வாயிற்காவல் போன்றவை. புகத்தக்க புரதங்களைப் புகவிட்டு, தகாதவற்றைத் தடுத்து நிறுத்துதல் அவற்றின் தொழில். காவல் குலைந்த வாயிலில் வேண்டியவை உட்செல்லா, வேண்டாதவை நுழையும். கோலின் வெளிப்பகுதி உருவாகாது போகும், அல்லது உருவாகிச் சிதையும். நாளடைவிற் கோலும் மடியும். மடிந்த கோல் மீண்டும் முளைப்பதில்லை.

2006ஆம் ஆண்டு இப்புரதத்தின் வரலாற்றிலே சிறப்புடையது. பிறவியிலேயே விழித்திரை சிதையும் ஓர் எலியினத்தில் இவ்வலகின் ஒரு பகுதி நீங்கியிருத்தலும், மூளையும் சிறுநீரகமும் கண்ணும் பாதிக்கப்படும் யூபேர் நோயுடையாரிடத்து இவ்வலகு விகாரமுற்றிருத்தலும் அவ்வாண்டிற் புலனாயின. அதே ஆண்டில் ஒல்லாந்து தேசத்து நைமேகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டென் ஹொலண்டரும் பிறரும் கனடாவிலுள்ள பிரெஞ்சு மரபினரான ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, லேபர் நோய்க்கும் இவ்வலகே காரணமாதலைக் கண்டனர். தாம் நோக்கிய உறவில்லாத 76 நோயாளருள் 16 பேரிடத்து ஒரே விகாரத்தை அவர்கள் கண்டமை வியப்புக்குரியது. மறு ஆண்டில் அபிசீனியப் பூனைகளின் பரம்பரைப் பார்வையிழப்புக்கும் இவ்வலகின் விகாரமே காரணமெனத் தெரிந்தது.

அவ்விகாரத்தின் இயல்பைச் சுவடி பெயர்த்தெழுதும் வழக்கோடு ஒப்பிடின் எளிதில் விளங்கும். பரம்பரை அலகு டீ. என். ஏ. என்னும் நால்வகை எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு. அவ்வேட்டில் மூலப்பகுதிகளும், மூலத்திற் சேராத இடைப்பகுதிகளும் மாறிமாறி வரும். கலம் அவ்வேட்டைத் தூது ஆர். என். ஏ. ஆகப் படியெடுக்குங்கால் இடைப்பகுதிகளை நீக்கி, மூலப்பகுதிகளை மாத்திரம் இணைத்துக்கொள்ளும். எங்கே நீக்குவது, எங்கே இணைப்பது என்பதற்கு எழுத்துகளிலேயே குறிகள் உள. செப்-290 அலகில் மூலப்பகுதிகள் 54. இவற்றுள் 26ஆம் பகுதிக்குப் பின்வரும் இடைப்பகுதியின் 1655ஆம் எழுத்திலே அடெனீன் இருக்கவேண்டிய இடத்திற் குவானீன் இருத்தலே மேற்சொன்ன விகாரம். மூலத்தில் ஓரெழுத்தும் பிழைபடவில்லை. ஆயினும், பயனற்ற இடைப்பகுதியில் நேர்ந்த அவ்வொரு மாற்றம் அங்கே ஒரு பொய்க்குறியை உண்டாக்குகின்றது. படியெடுப்போன் அதனை நம்பி 128 எழுத்துகளை மூலமெனக் கொண்டு இடையிலே சேர்த்துவிடுகின்றான். அச்செருகலில் "இத்துடன் முற்றும்" என்னும் பொருளுடைய குறியும் அமைந்துவிடுவதால், 998ஆம் அமினோவமிலம் வரவேண்டிய இடத்திற் புரதம் முறிந்துபோகின்றது.

பழைய ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பேரறிஞர் இடைச்செருகலைக் களைதற்கு எத்துணைப் பாடுபட்டனர் என்பதைத் தமிழ் கற்பார் நன்கறிவர். கலத்தின் இடைச்செருகலும் அவ்வாறே கண்டறிதற்கு அரியது. மூலப்பகுதிகளை மாத்திரம் எழுத்தெண்ணிப் படித்த ஆய்வாளர்க்கு அங்கே பிழை எதுவும் புலப்படாது. படியாகிய தூது ஆர். என். ஏ.யைப் பார்த்தபின்னரே பிழை வெளிப்பட்டது.

இங்கே ஒரு வினா எழும். உடலின் பெரும்பாலான கலங்களில் பிசிர் உளதாயின், இந்நோயுடையார்க்குக் கண்மாத்திரம் கெடுதல் ஏன்? இவ்விகாரத்தில் எல்லாப் படிகளும் பிழைபடுவதில்லை. சில படிகள் பொய்க்குறியைக் கடந்து சரியாகவே அமைகின்றன. ஆதலால் முழுமையான புரதம் சிறிதளவு கிடைக்கின்றது. சிறுநீரகத்திற்கும் மூளைக்கும் அச்சிறிதளவு போதியதாகின்றது. நாடோறும் வெளிப்பகுதியிற் பத்தில் ஒரு பங்கைப் புதிதாக்கவேண்டிய கோலுக்கு அது போதாது. புரதத்தை அறவே இல்லாமற் செய்யும் விகாரங்களோ பெரும்பாலும் மூளை, சிறுநீரகம் முதலிய பல உறுப்புகளைத் தாக்குகின்றன. ஆயினும் விகாரத்திற்கும் நோயின் கடுமைக்கும் உள்ள தொடர்பு எப்பொழுதும் ஒரு கணக்குப்போல நேராக அமைவதன்று. ஒரே விகாரமுடைய இருவரிடத்தும் நோய் வேறுபடுதல் உண்டு.

நோய் வழிவழி வரும் முறை அடுத்து அறியத்தக்கது. ஒவ்வொருவரும் இவ்வலகின் இரு படிகளை, தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகின்றனர். ஒரு படி நன்றாயின் கண் நன்றாகவே இருக்கும். இரு படிகளும் பழுதாயின் மாத்திரமே நோய் தோன்றும். இதனைப் பின்னிடைவான பாரம்பரியம் என்பர். எனவே நோயுற்ற குழந்தையின் பெற்றோர் இருவரும் நல்ல பார்வையுடையவர். தம்மிடத்து ஒரு பழுதுபட்ட படி உண்டென்பதை அறியாதவர். அத்தகைய இருவர்க்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்குரிய நிகழ்தகவு நான்கில் ஒன்று. முதற் குழந்தைக்கு நோய் வந்தமையால் அடுத்த குழந்தைக்கு அது குறைவதுமில்லை, கூடுவதுமில்லை.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். ஒன்று, குறை தாயினுடையது மாத்திரம் அன்று. தந்தையின் பங்கின்றி இந்நோய் தோன்றுதல் பெரும்பாலும் இல்லை. தாய் உண்டதும் கண்டதும் இதற்குக் காரணமாகா. குழந்தை கருவாய் அமைந்த கணத்திலேயே இரு ஏடுகளும் எழுதப்பட்டு முடிந்துவிட்டன. மற்றொன்று உறவு மணம் பற்றியது. ஒருவர் ஒரு பழுதுபட்ட படியை உடையவராயின், அவருடைய மச்சாளும் பொதுவான முன்னோரிடமிருந்து அதே படியைப் பெற்றிருக்கக்கூடிய நிகழ்தகவு எட்டில் ஒன்று. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் இடையே அது நான்கில் ஒன்று. அரிதான விகாரமாயின் உறவல்லாத ஒருவரிடத்து அது இருத்தற்குரிய வாய்ப்பு இவற்றினும் மிகச் சிறிது. உறவு மணம் வழக்கிலுள்ள தமிழ்ச் சமூகத்தார் இக்கணக்கை அறிந்திருத்தல் நன்று. உறவு மணம் புரிந்தோரின் குழந்தைகளுட் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும், உறவில்லாதார் மணத்திலும் இந்நோய் வருதல் உண்டென்பதும் உடன் நினைக்கத்தக்கன. அறிவு எச்சரிக்கைக்கு உதவவேண்டுமேயன்றிப் பழிக்கு உதவுதல் ஆகாது.

நோய் தீருமா என்பதே பெற்றோரின் முதற்கேள்வியும் கடைசிக் கேள்வியும் ஆகும். 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நம்பிக்கைக்கு இடந்தந்தது. செப்-290 குறைபாட்டாற் பார்வையிழந்தோரின் விழித்திரையில் கோல்கள் பெரிதும் மடிந்திருப்பினும், நடுப்பகுதியிலுள்ள கூம்புகள் வளர்ந்த பின்னரும் உயிருடன் எஞ்சியிருத்தலை அது காட்டியது. அவை காணவில்லை, ஆயினும் இறந்துபடவில்லை. வாயில் சீர்ப்படின் அவை மீண்டும் தொழிற்படக்கூடும்.

விழித்திரை நோய்க்குப் பரம்பரை அலகு மருத்துவம் முன்னரே வழிகாட்டியிருந்தது. லேபர் நோயை உண்டாக்கும் அலகுகள் இருபதுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஆர். பி. ஈ. 65 என்னும் வேறோர் அலகு பழுதுற்றோர்க்கு, நல்ல படியொன்றைத் தீங்கற்ற வைரசில் ஏற்றி விழித்திரையின் கீழ்ச் செலுத்தும் மருத்துவத்தை அமெரிக்க அரசு 2017 திசெம்பரில் அங்கீகரித்தது. செப்-290க்கு அம்முறை இசையவில்லை. அவ்வைரசு சுமக்கக்கூடியது ஏறக்குறைய 4700 எழுத்துகளே. செப்-290 புரதத்தை எழுதுவதற்கு மாத்திரம் 7400க்கு மேற்பட்ட எழுத்துகள் வேண்டும். சிறிய வண்டியிற் பெரிய தேரை ஏற்ற இயலாதன்றோ?

ஆகவே ஏட்டை மாற்றுதலை விடுத்து, இடைச்செருகலை அகற்றும் இரு வழிகள் ஆராயப்பட்டன. முதலாவது, படியிலுள்ள பொய்க்குறியின்மேல் ஒட்டிக்கொண்டு அதனை மறைக்கும் சிறு துணுக்கு ஒன்றைக் கண்ணினுட் செலுத்துதல். செபோபார்சன் எனப்படும் இம்மருந்து பெற்ற சிலர் பார்வையில் முன்னேற்றம் அடைந்தமை 2019இல் அறிவிக்கப்பட்டது. ஆயின் ஒப்புநோக்கும் குழுவோடு நடத்தப்பட்ட பெருஞ்சோதனை தன் முதன்மைக் குறிக்கோளை எய்தவில்லை என 2022 பெப்புருவரியில் வெளியாயிற்று. இரண்டாவது, கிறிஸ்பர் என்னும் நுண்கத்தரி கொண்டு மூல ஏட்டிலிருந்தே பொய்க்குறியை வெட்டி நீக்குதல். 2020 மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் இது ஒரு நோயாளரின் கண்ணிற் செலுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனித உடலினுள்ளேயே கிறிஸ்பர் பயன்படுத்தப்பட்டது அதுவே முதன்முறை. 2024 மே மாதத்தில் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றோர் 14 பேர். அவர்களுள் இருவர் சிறுவர். அறுவரிடத்துக் கூம்புகளின் ஒளியுணர்வு மேம்பட்டது. நால்வரிடத்துப் பார்வைக் கூர்மை குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது. மருந்தினாற் பெருந்தீங்கு எதுவும் நேரவில்லை. எனினும் இம்மருத்துவத்திற்கு உரியோர் தொகை மிகச் சிறிதென்ற காரணத்தால், அதனை நடத்திய நிறுவனம் 2022 நவம்பரிலேயே புதியோரைச் சேர்த்தலை நிறுத்திவிட்டது. அறிவியலின் வெற்றி வாணிகத்தின் கணக்கோடு எப்பொழுதும் ஒத்துச் செல்வதில்லை.

மருத்துவம் முதிரும்வரை குழந்தைகள் வளராது காத்திருப்பதில்லை. லேபர் நோயாற் பார்வையிழந்த குழந்தைகளுட் பலர் அறிவாற்றலிற் பிறர்க்குக் குறைந்தவரல்லர். பிறெயில் எழுத்தும், செவிவழிக் கல்வியும், பொறுமையுள்ள ஆசிரியரும் வாய்ப்பின் அவர்கள் உயர்கல்வி பெறுதல் கூடும். இலங்கையில் இத்தகையோர்க்கென இரத்மலானைப் பாடசாலை 1912ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. ஆறு, எட்டுக் கிழமைகளிற் குழந்தையின் விழி விளக்கைத் தொடராதாயின், கண்ணேறு கழித்துக் காலங் கடத்தாது கண் மருத்துவரை நாடுதல் பெற்றோரின் முதற்கடமை. காரணமான அலகைச் சோதனையால் அறிந்துகொள்ளுதல் இரண்டாவது. சிறுநீரகமும் உடன் பாதிக்கப்படுமா என்பதையும், அடுத்த குழந்தைக்குரிய நிகழ்தகவையும் அதனால் அறியலாம். தாய்மீது சுமத்திய பழியை நீக்குதலோ சுற்றத்தாரின் கடமை. அதற்கு மருந்தும் வேண்டா, பொருளும் வேண்டா. இடைப்பகுதியில் ஓரெழுத்து மாறியது என்னும் உண்மையை ஏற்றுக்கொள்ளுதல் போதும்.